173ஆம் இடத்து இகரம்

கணினியில் ஒரு தமிழ் எழுத்துருவைச் சேர்ப்பது பத்து நிமிட வேலை என்று நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அலுவலகத்தில், கோயில் நிர்வாகத்தில், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில், யார் கேட்டாலும் அதே பதில்தான்: கோப்பை எடுத்து எழுத்துருக் கோப்புறையில் போடுங்கள், மென்பொருளை மூடித் திறங்கள், வந்துவிடும். பெரியப்பாவின் ஏழாம் வீட்டுக் குறிப்பைப் படித்த பிறகு அந்தப் பதில் என் வாயில் வருவதில்லை. எழுத்துரு சரியாக வேலை செய்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? சில மாதங்களாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. எழுதிப் பார்த்தால் கொஞ்சம் தெளியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பெரியப்பா மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் இருக்கிறார். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது 79. பிறந்தது நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அந்தத் தோட்டம் இப்போது இல்லை. முதலில் செம்பனை வந்தது, பிறகு வரிசை வீடுகள் வந்தன. லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகள், இருந்த இடத்தில் இன்று கார் நிறுத்துகிறார்கள். ஓய்வு பெற்ற மறு வருடமே ஒரு கணினி வாங்கி, அந்தத் தோட்டத்தை வீடு வீடாக எழுதத் தொடங்கினார். முதல் லயம், முதல் வீடு, யார் இருந்தார்கள், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், பால் வெட்டா, களை வெட்டா, பிள்ளைகள் எத்தனை பேர், பிறகு எங்கே போனார்கள். ஒரு வீட்டுக்கு நாலைந்து வரிதான். கிராணி என்கிற எழுத்தர் வீடு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகை, கோயில் பூசாரி வீடு உட்பட மொத்தம் 29 கோப்புகள். இப்படி ஒரு கணக்கை வேறு யாரும் வைத்திருப்பதாக எனக்குத் தெரியவில்லை. தோட்டத்துப் பதிவேட்டில் ஆள் எண்ணும் சம்பளமும் இருக்கும். ஏழாம் வீட்டுப் பாட்டி அடுத்த வீட்டுக்குத் தினமும் ரசம் கொடுத்தனுப்புவார் என்று எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. பெரியப்பாவின் கணினி புதிய பதிப்பை ஏற்காத அளவுக்குப் பழையது. தூக்கிப் போட மனமில்லை, அதனால் நான் பெர்ரிப் படகில் போய் அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக் கொடுத்தேன். மற்றதெல்லாம் நன்றாகவே நடந்தது. தமிழ்ச் செய்திகள் அழகாகத் தெரிந்தன, நோட்டோ எழுத்துருக்கள் முன்கூட்டியே இருந்தன, பெரியப்பாவும் "எழுத்து தெளிவா இருக்கும்மா" என்றார். அப்புறம்தான் அந்த 29 கோப்புகளில் ஒன்றைத் திறந்தேன்.

தமிழே இல்லை. தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் பின்னக் குறிகளும் வரிவரியாக நின்றன. 1990களின் இறுதியில் கணினியில் தமிழ் எழுதியவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானதுதான். முக்கால் குறி, மேலே கோடிட்ட ஏ, அமெரிக்க சென்ட் குறி, மேலே கோடிட்ட யு. இந்த நான்கும் அடுத்தடுத்து வந்தால் அது 'தமிழ்' என்ற சொல். அதைப் பார்த்ததும் கோப்பு திஸ்கி என்று புரிந்துவிட்டது. எந்த எண் எந்தத் தமிழ் எழுத்தைக் குறிக்கும் என்று கணினிக்கு வகுத்த ஒரு பழைய குறியீடு அது.

திஸ்கியைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோட் எனும் ஒருங்குறியில் 1991இலேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தாலும், வீட்டுக் கணினியில் அது ஓட இன்னும் பல வருடம் ஆனது. அந்த இடைவெளியில் ஒவ்வொரு எழுத்துருவும் தன் இஷ்டத்துக்கு ஒரு குறியீட்டை வைத்திருந்தது. பாமினி என்ற எழுத்துருவில் அம்மா என்று எழுத எம், கே, அரைப்புள்ளி, மறுபடி கே, எச் என்று தட்ட வேண்டும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அம்மா வெறும் ஆங்கில எழுத்தாக நிற்பாள். பினாங்கில் எழுதியதைச் சென்னையில் திறக்க முடியாது. இதைச் சரிசெய்ய மலேசியா, சிங்கப்பூர், தமிழ்நாடு, ஐரோப்பா என்று பல இடங்களில் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து, சம்பளம் வாங்காமல், ஒரு பொதுக் குறியீட்டைச் செய்தார்கள். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய நம் முத்து நெடுமாறனும் அந்த உழைப்பில் இருந்தவர். பின்னாளில் ஆப்பிள் கணினிகளில் வந்த இணைமதி எழுத்துருவும் அவர் வரைந்ததுதான். நம் ஊரிலிருந்து அந்த வேலை நடந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

எழுத்துரு வந்தது

பெரியப்பாவின் பழைய வட்டை இன்னொரு கணினியில் மாட்டித் தேடியதில், அவர் பயன்படுத்திய திஸ்கி எழுத்துரு கிடைத்தது. லினக்ஸில் ஒரு பயனருக்கு மட்டும் எழுத்துரு சேர்க்க, வீட்டுக் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் 'டாட் லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'ஃபான்ட்ஸ்' என்ற இடத்தில் கோப்பை வைக்க வேண்டும். அந்த ஃபான்ட்ஸ் கோப்புறை இல்லையென்றால் நாமே உருவாக்கிக்கொள்ளலாம். பிறகு முனையத்தில் எஃப்சி-கேஷ் என்ற கட்டளையை ஓட்டினால், எழுத்துருக்களைக் கவனித்துக்கொள்ளும் ஃபான்ட்கான்ஃபிக் புதிதாக வந்ததைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். எஃப்சி-லிஸ்ட் அடித்தால் பட்டியலில் பெயர் தெரியும். தெரிந்தது. கோப்பை எழுதுகருவி மென்பொருளில் திறந்து, அந்த எழுத்துருவைத் தேர்ந்தேன். திரை முழுவதும் தமிழ்.

அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தலைப்பை மட்டும் படித்துவிட்டு, தலையசைத்துவிட்டுப் பசியாறப் போனார்.

ஆங்காங்கே கட்டங்கள் இருந்தன. ஜ, ஷ, ஸ, ஹ வர வேண்டிய இடமெல்லாம் சின்னப் பெட்டிகள். இதற்குக் காரணம் சீக்கிரம் பிடிபட்டது. திஸ்கியில் இந்தக் கிரந்த எழுத்துகள் 128க்கும் 159க்கும் நடுவில் இருக்கின்றன. எழுதுகருவி கோப்பை லத்தீன்-1 என்ற ஐரோப்பியக் குறியீடு என்று எண்ணித் திறந்திருந்தது. அந்தக் கணக்கில் அந்த எண்கள் எழுத்துகளே இல்லை, கட்டுப்பாட்டுக் குறிகள். திறக்கும்போதே குறியீட்டை விண்டோஸ்-1252 என்று மாற்றிச் சொன்னதும் பெட்டிகள் போய் எழுத்துகள் வந்தன. எழுத்துரு வேலை செய்கிறது என்று அன்றிரவு மனத்துக்குள் முடித்துவிட்டேன்.

ஆனால் படிக்கத் தொடங்கியபோது வேறொன்று தட்டுப்பட்டது. 'ல்லை' என்று ஒரு சொல். 'ந்த' என்று ஒன்று. 'டம்', 'வர்கள்'. சொல்லின் முதலெழுத்து அங்கங்கே உதிர்ந்திருந்தது. பெட்டி இல்லை, இடைவெளி இல்லை, எழுத்து இருந்த சுவடே இல்லை. பழைய வட்டு, இருபது வருடக் கோப்பு, ஏதோ அழிந்துபோயிருக்கிறது என்று முடிவுகட்டினேன். முதல் கோப்பு எட்டுப் பக்கம். திரையைப் பார்த்துப் பார்த்து, விட்டுப்போன எழுத்துகளை நானே நிரப்பி, ஒருங்குறியில் புதிதாகத் தட்டச்சு செய்தேன். 'ல்லை' என்றால் இல்லை, 'டம்' என்றால் இடம். தமிழ் தெரிந்தவருக்கு இதில் என்ன கஷ்டம்? இரண்டு இரவில் முடிந்தது. அச்சடித்து எடுத்துக்கொண்டு அந்த வார இறுதியில் பட்டர்வொர்த்துக்குப் போனேன்.

ருவர்

பெரியப்பா மாணவர் கட்டுரையைத் திருத்துவதைப் போலத்தான் எதையும் படிப்பார். கையில் சிவப்புப் பேனா இருக்கும். முதல் பக்கத்திலேயே இரண்டு சுழி. ராம என்று தொடங்கும் பெயர்களை அப்படியே அடித்திருந்தேன். "நான் ரகரத்துல பேரைத் தொடங்க மாட்டேனேம்மா," என்றார். உண்மைதான். ரகரமும் லகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தவரே அவர். எந்தப் பெயரானாலும் முன்னால் ஓர் இகரம் வைத்துத்தான் எழுதுவார். 'ல்லை' என்று பார்த்தபோது எழுத்து விட்டுப்போனது தெரிந்த எனக்கு, ராம என்று தொடங்கும் பெயரைப் பார்த்தபோது எதுவும் விட்டுப்போனதாகவே படவில்லை. இன்றைக்கு எல்லாரும் அப்படித்தானே எழுதுகிறோம். சரி, திருத்திவிடுகிறேன் பெரியப்பா என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாம் பக்கத்தில் அவர் பேனா நின்றது. ஏழாம் வீடு. திரையில் நான் பார்த்தது இது: "பால் வெட்டு. ஊர் சேலம் பக்கம். பிள்ளைகள் நால்வர். காய்ச்சலில் தவறியவர் ருவர்." நான் அடித்தது: "தவறியவர் ஒருவர்."

"ஒருவர் இல்லம்மா," என்றார். "ரெண்டு பேரு. அண்ணனும் தங்கச்சியும். ஒரே வாரத்துல." பிறகு கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் பக்கத்துல நின்னு பார்த்தேன். எனக்கு அப்ப ஏழு வயசு. நான் இருவர்னுதான் எழுதியிருப்பேன்."

பெரியம்மா கோப்பி கொண்டுவந்து வைத்தார். நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் எழுத்தை ஊகித்து நிரப்பினேன். ஒரு பிள்ளை கணக்கிலிருந்தே போய்விட்டது. பெரியப்பா உட்கார்ந்து படித்ததால் தெரிந்தது. அவர் இல்லாத ஒரு காலத்தில் இதைச் செய்திருந்தால், ஏழாம் வீட்டில் தவறியவர் ஒருவர் என்றே நின்றிருக்கும். என் வாக்கியத்தில் பிழையே இல்லை. படிப்பவர் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. இதுதான் என்னை இன்றுவரை தூங்கவிடாமல் செய்கிறது. 'ல்லை' என்று உடைந்து கிடந்ததாவது தான் உடைந்திருப்பதைச் சொன்னது. நான் சரிசெய்தது எதையும் சொல்லவில்லை.

பெர்ரியில் திரும்பும்போது அந்தச் சொற்களை மனத்தில் ஓட்டினேன். இல்லை, இந்த, இடம், இவர்கள், இருவர், இராம. எல்லாவற்றிலும் போனது ஒரே எழுத்து. அகரம் எங்கும் போகவில்லை. ஒகரம் பத்து இடத்தில் நன்றாகவே தெரிந்தது. ஒகரம் தெரியும்போது 'ருவர்' எப்படி ஒருவர் ஆக முடியும் என்று நான் ஏன் ஒரு கணம் யோசிக்கவில்லை? வட்டு கெட்டால் கண்டபடி கெடும். தமிழில் ஓர் எழுத்தை மட்டும் பொறுக்கி எடுக்க அதற்குத் தெரியாது. அப்படியென்றால் இகரம் கோப்பில்தான் இருக்க வேண்டும். திரைதான் காட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கோப்பிலுள்ள எண்களை அப்படியே காட்டும் கருவியில் அதைத் திறந்தேன். ஏழாம் வீடு. 'ரு'வுக்குரிய எண்ணுக்கு முன்னால் 173 என்ற எண் உட்கார்ந்திருந்தது. 'ல்லை'க்கு முன்னாலும் 173. எல்லா இடத்திலும். பெரியப்பா அடித்த ஓர் இகரம்கூடத் தொலையவில்லை.

173க்கு ஒரு கதை இருக்கிறது. திஸ்கியில் 171 அ, 172 ஆ, 173 இ, 174 ஈ என்று வரிசையாக வருகின்றன. ஆனால் ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1இலும், விண்டோஸ்-1252இலும், 173ஆம் இடம் ஒரு விசேஷமான இணைப்புக்கோட்டுக்கு ஒதுக்கப்பட்டது. சொல் வரி முடிவில் உடைந்தால் மட்டும் அந்தக் கோடு தெரியும். மற்ற நேரத்தில் தெரியவே கூடாது. அந்தக் காலத்து மென்பொருள்களில் பல இந்த விதியைக் கண்டுகொள்ளாமல், எண்ணுக்குரிய வடிவத்தை எழுத்துருவிலிருந்து எடுத்து வரைந்துவிட்டன. அதனால் பெரியப்பாவின் திரையில் இகரம் தெரிந்தது. இன்றைய லினக்ஸில் எழுத்தைக் கோத்து வரிசைப்படுத்தும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் அந்த விதியைச் சரியாகக் கடைப்பிடிக்கிறது. இது கண்ணுக்குத் தெரியக் கூடாத குறி என்று, எழுத்துருவில் இகரம் வரைந்திருந்தாலும் மறைத்துவிடுகிறது. திஸ்கியை உருவாக்கியவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்துதான் இருந்தது. பின்னர் வந்த 1.7 பதிப்பில் 254ஆம் இடத்திலும் இன்னோர் இகரத்தை வைத்தார்கள். பெரியப்பாவின் மென்பொருள் 173ஐத்தான் எழுதியிருந்தது.

ஆக, எழுத்துரு சரி. நிறுவியதும் சரி. மென்பொருளும் தன் விதிப்படி சரி. எல்லாம் சரியாக இருந்தும் ஓர் உயிரெழுத்து காணாமல் போனது. காரணம், அந்தக் கோப்பில் தமிழ் என்று எதுவும் இல்லை. ஐரோப்பிய எண்கள்தான் இருந்தன. அவற்றைத் தமிழாகக் காட்டும் வேலை முழுவதையும் எழுத்துருவின் தலையில் கட்டியிருந்தோம். ஒருங்குறியில் இகரத்துக்கு 2951 என்று தனி எண் இருக்கிறது. இணைப்புக்கோடோ வேறெந்த மொழியின் எழுத்தோ அந்த இடத்துக்கு வர முடியாது. பொருத்தமான எழுத்துரு இல்லாவிட்டால் பெட்டி வரும். பெட்டி வந்தால் அங்கே ஓர் எழுத்து இருக்கிறது என்றாவது தெரியும்.

மாற்றும் வேலை நான் பயந்ததைவிட எளிதாக இருந்தது. லினக்ஸில் ஐகான்வ் என்று ஒரு சிறு கருவி முன்கூட்டியே இருக்கும். எந்தக் குறியீட்டிலிருந்து எந்தக் குறியீட்டுக்கு என்று சொன்னால் கோப்பை மாற்றிக் கொடுக்கும். அதன் அடித்தள நூலகத்தில் திஸ்கியும் ஒன்று. திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகின்றன. 'கொ' என்றால் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். ஒருங்குறியில் க முதலில், அதன்பின் ஒகரக் குறி. இந்த இடமாற்றத்தையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும்: மூலக் கோப்பைத் திறந்து பார்க்கும்போது தவறிக்கூடச் சேமித்துவிடாதீர்கள். வேறு குறியீட்டில் சேமிக்கப்பட்டுவிட்டால் எண்கள் மாறிவிடும், ஐகான்வுக்கு அது திஸ்கி என்று தெரியாது. முதலில் ஒரு நகல் எடுங்கள், நகலில் மட்டும் கை வையுங்கள். 29 கோப்புகளும் ஒரு மாலையில் மாறின. ஏழாம் வீட்டைத் தேடித் திறந்தேன். "தவறியவர் இருவர்."

துதிக்கை லை

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் பெரியப்பாவுக்கு ஓர் ஆசை இருந்தது. அவர் எழுதப் படித்தது பழைய எழுத்தில். ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை தூக்கியது போல, மேலே வளைந்த கொம்போடு இருந்த காலம் அது. பெரியார் 1935இல் குடிஅரசில் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்தைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்றது. பிறகு இங்குள்ள தமிழ்ப்பள்ளிகளும் மாறின. அவரே புது எழுத்தைத்தான் பல வருடம் கற்பித்தார், அதை எதிர்ப்பவரும் இல்லை. தோட்டத்தைப் பற்றி எழுதியதை மட்டும் தோட்டத்துப் பள்ளியில் படித்த எழுத்தில் பார்க்க வேண்டும் என்றார். "முடியுமாம்மா?"

இங்கேதான் ஒருங்குறி எழுத்துருவின் அருமை எனக்கு முழுவதும் புரிந்தது. லோகித் தமிழ் கிளாசிக்கல் என்று ஓர் எழுத்துரு இருக்கிறது, மின்ட்டின் மென்பொருள் மேலாளரிலேயே கிடைக்கிறது. ல, அடுத்து ஐகாரக் குறி என்று வந்தால் துதிக்கை வடிவத்தைப் போடு என்ற விதி அந்த எழுத்துருவுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. கோப்பில் ஒரு புள்ளிகூட மாறாது. ஆவணம் எழுதும் லிப்ரே ஆபிஸ் மென்பொருளில் மட்டும் கொஞ்சம் அலைந்தேன். அது மேற்கத்திய எழுத்துக்கு ஓர் எழுத்துருவும், தமிழ் போன்ற எழுத்துகளுக்கு வேறோர் எழுத்துருவும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. மொழி அமைப்புகளில் சிக்கலான உரை அமைப்பு என்பதை இயக்கிவிட்டு, அதற்குரிய எழுத்துருவை அங்கே தேர்ந்தால்தான் ஆவணம் முழுவதும் மாறும். ஆங்கில எழுத்துருவை மாற்றிவிட்டுத் தமிழ் அசையவில்லையே என்று தவிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பல நேரம் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

அச்சடித்த தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். பெரியப்பா சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. முதல் லயத்திலிருந்து வாய்விட்டுப் படித்தார், ராகம் போட்டது போல. லை வரும் இடங்களில் விரலால் தாளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பெரியம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நடுநடுவே "அவங்க மூத்த மக பேரு என்ன?" என்று கேட்டார், இவர் சொன்னார். பழைய கோப்புகளையும் அந்தத் திஸ்கி எழுத்துருவையும் அழித்துவிடாதே என்றார். அழிக்க மாட்டேன் என்றேன். இது எந்தக் குறியீடு, எந்தப் பதிப்பு, 173இல் என்ன இருக்கிறது என்று ஒரு பக்கக் குறிப்பையும் எழுதி அதே கோப்புறையில் வைத்திருக்கிறேன்.

ஏழாம் வீட்டுக்கு வந்ததும் நிறுத்தினார். 'இருவர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், ஓரத்தில், நீலப் பேனாவால் இரண்டு பெயர்களை எழுதினார். முன்பு அவர் எழுதியதில் அந்தப் பெயர்கள் இல்லை. ஏன் இத்தனை வருடம் எழுதவில்லை என்று நான் கேட்கவில்லை. கணினியைத் திறந்து, அவர் எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்ல, பெர்ரிக்குக் கிளம்புவதற்குள் அவற்றைச் சேர்த்துவிட்டேன்.